உங்களுக்குத் தெரியுமா? விம் எடிட்டரில் கண்ணில் படாத விசைகள்

எந்த லினக்ஸ் சர்வருக்குள் நுழைந்தாலும் விம், அல்லது அதன் மூதாதையான வீ-ஐ, அநேகமாக அங்கே இருக்கும். மவுஸ் வேண்டாம், மெனு வேண்டாம். ஆனால் வருடக்கணக்கில் விம் பயன்படுத்துகிறவர்களில் பலர், எழுத ‘ஐ’, வெளியே வர எஸ்கேப், சேவ் செய்ய ‘:டபிள்யூ’, வரியை அழிக்க ‘டிடி’ என்ற அளவிலேயே நின்றுவிடுகிறார்கள். கையில் இருக்கும் கருவியில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாமல் விடுவது பெரிய இழப்பு. அதிலும் தமிழில் எழுதுகிறவர்களுக்கு உதவும் சில வசதிகள் யாரும் எடுத்துச் சொல்லாமலே கிடக்கின்றன.

கீழே வரும் எதற்கும் பிளக்-இன் தேவையில்லை. ஒரு சின்ன முன்குறிப்பு: விசைகளில் ‘டி’ என்று வருவதெல்லாம் டெலீட்டின் டி, ‘பி’ என்று வருவதெல்லாம் பேஸ்ட்டின் பி. ஷிஃப்ட்டோடு அழுத்த வேண்டியதைப் ‘பெரிய’ என்று குறித்திருக்கிறேன்.

பழைய டெர்மினல் விட்டுப்போன விசைகள்

கர்சரை நகர்த்த ஹெச், ஜே, கே, எல் ஏன்? வீ-ஐ எடிட்டரை 1976இல் பெர்க்லியில் பில் ஜாய் எழுதினார். அவர் பயன்படுத்திய லியர் சீக்லர் நிறுவனத்தின் ஏடிஎம்-3ஏ டெர்மினலில் அம்புக்குறிகளுக்குத் தனி விசைகள் இல்லை. அந்த நான்கு எழுத்து விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. அதே கீபோர்டில் ‘ஹோம்’ என்ற சொல்லும் ‘~’ குறியும் ஒரே விசையில் இருந்தன. யூனிக்ஸில் நம் சொந்த டைரக்டரியை இன்றும் ‘~’ என்று குறிக்கிறோமே, அந்த வழக்கத்தின் வேர் அங்கேதான்.

ஒற்றை எழுத்துக் கமாண்ட்களுக்கும் காரணம் உண்டு. ஜாய் வீட்டிலிருந்து 300 பாட் மோடம் வழியாக வேலை செய்தார். அதில் நொடிக்குச் சுமார் 30 எழுத்துகள்தான் வரும். 24 வரி, வரிக்கு 80 எழுத்து கொண்ட ஒரு ஸ்கிரீனில் 1,920 இடங்கள். முழு ஸ்கிரீனையும் நிரப்ப ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அப்படிப்பட்ட இணைப்பில் ஒரு விசை மிச்சமானாலும் லாபம்தான். தொலைவில் இருக்கும் சர்வரில், இழுத்து இழுத்து வரும் இணைப்பில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தச் சிக்கனம் இன்றும் கைகொடுக்கிறது.

எஸ்கேப் விசை இன்று மூலையில் இருக்கிறது. ஏடிஎம்-3ஏ-வில் இப்போது டேப் இருக்கும் இடத்தில் இருந்தது. சுண்டுவிரலை அவ்வளவு தூரம் நீட்ட வேண்டாம்: கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு ‘[’ தட்டுங்கள். இது குறுக்குவழிகூட இல்லை, அதே விசைதான். ‘[’ குறியின் ஆஸ்கி எண் 91; கன்ட்ரோல் அதில் 64ஐக் கழிக்கிறது; மிஞ்சும் 27 எஸ்கேப்பின் எண். டெர்மினலுக்கு இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. கன்ட்ரோல்-ஹெச் பேக்ஸ்பேஸ் ஆவதும், கன்ட்ரோல்-எம் என்டர் ஆவதும் இதே கணக்கில்தான்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே

இன்சர்ட் மோடில் இருக்கும்போது ஒரு சொல் தப்பாகிவிட்டால் பேக்ஸ்பேஸைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டாம். கன்ட்ரோல்-டபிள்யூ முந்தைய சொல்லை முழுசாக எடுத்துவிடும். கன்ட்ரோல்-யூ அந்த வரியில் இதுவரை எழுதியதையே எடுத்துவிடும்.

ஒரே ஒரு கமாண்டுக்காக இன்சர்ட் மோடை விட்டு வெளியேற வேண்டியதில்லை. கன்ட்ரோல்-ஓ அழுத்தி, ஏதேனும் ஒரு நார்மல் மோட் கமாண்ட் கொடுங்கள். அது முடிந்ததும் தானாக இன்சர்ட் மோடுக்குத் திரும்பிவிடுவீர்கள்.

மேல் வரியில் இருப்பதை அப்படியே எழுத்து எழுத்தாக இறக்க கன்ட்ரோல்-ஒய்; கீழ் வரியிலிருந்து ஏற்ற கன்ட்ரோல்-ஈ. ஒன்றுபோல் இருக்கும் செட்டிங் வரிகளை எழுதும்போது இது எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தும் என்பதைச் செய்து பார்த்தால்தான் தெரியும்.

முன்பு எழுதிய ஒரு வரி முழுவதும் திரும்ப வேண்டுமா? அதன் முதல் சில எழுத்துகளை அடித்து, கன்ட்ரோல்-எக்ஸ், கன்ட்ரோல்-எல். வரியே வந்து நிற்கும். கன்ட்ரோல்-எக்ஸ், கன்ட்ரோல்-எஃப் என்றால் ஃபைல் பெயர்களை நிரப்பித் தரும்.

ஃபைலின் வேறொரு மூலைக்குப் போய் எதையோ பார்த்துவிட்டு, எழுதிக்கொண்டிருந்த இடத்துக்கே திரும்பி எழுதத் தொடங்க ‘ஜிஐ’ போதும். இடத்தைத் தேட வேண்டாம்.

எடிட்டருக்குள் கால்குலேட்டர்

இன்சர்ட் மோடில் கன்ட்ரோல்-ஆர் அழுத்தி ‘=’ தட்டுங்கள். கீழே ஒரு வரி திறக்கும். 1250 ரூபாய்க்கு 18 சதவீத வரி எவ்வளவு? 1250*18/100 என்று எழுதி என்டர் தட்டினால், கர்சர் நிற்கும் இடத்தில் 225 என்று விழும். ஒரு எச்சரிக்கை: இரண்டும் முழு எண்களாக இருந்தால் வகுத்தலில் பின்னம் போய்விடும். 7/2 என்றால் 3தான் வரும். 7.0/2 என்று எழுதினால் 3.5 கிடைக்கும். பில் கணக்கு போடுகிறவர்கள் இதை மறக்கவே கூடாது.

எண்ணின் மேல் கர்சரை வைத்து கன்ட்ரோல்-ஏ அழுத்தினால் ஒன்று கூடும். கன்ட்ரோல்-எக்ஸ் ஒன்றைக் குறைக்கும். முன்னால் 5 சேர்த்தால் ஐந்து கூடும். இது பலருக்குத் தெரியும். தெரியாதது, இதில் இருக்கும் இரண்டு பொறிகள். 2024-03-15 என்ற தேதியில் 15இன் மேல் நின்று கன்ட்ரோல்-ஏ அழுத்தினால், வழக்கமான அமைப்பில் 16 வராது, 14 வரும்! இடையில் இருக்கும் சிறுகோட்டை மைனஸ் என்று எடுத்துக்கொண்டு, -15ஐ -14 ஆக்கிவிடுகிறது விம். அடுத்தது, 007ஐக் கூட்டினால் 008க்குப் பதில் 010 வரலாம். பூஜ்யத்தில் தொடங்குவதால் எட்டின் அடிப்படையிலான எண்ணாக எடுத்துக்கொள்கிறது. புதிய விம் தன் இயல்பு செட்டிங்கில் இதைத் தவிர்க்கிறது. ஆனால் நீங்கள் சொந்தமாக ஒரு விம்ஆர்சி ஃபைல் வைத்திருந்தால் அந்த இயல்பு செட்டிங் தானாக ஏறாது, பழைய குணம் திரும்பிவிடும்.

இந்த வரிசையில் எனக்கு மிகப் பிடித்தது இனிதான். முப்பது பெயர்கள் முப்பது வரியில் இருக்கின்றன. 1 முதல் 30 வரை எண் போட வேண்டும். முதல் வரியின் தொடக்கத்தில் கன்ட்ரோல்-வி அழுத்தி, கடைசி வரை இறங்குங்கள். பெரிய ஐ அழுத்தி, 0 என்று எழுதி, ஒரு புள்ளியும் இடைவெளியும் வைத்து எஸ்கேப். எல்லா வரியின் முன்னாலும் பூஜ்யம் வந்துவிடும். ‘ஜிவி’ அழுத்தினால் அதே பகுதி மறுபடி தேர்வாகும். இப்போது ‘ஜி’ தட்டி, கன்ட்ரோல்-ஏ. பூஜ்யங்கள் எல்லாம் 1, 2, 3 என்று வரிசையாக மாறி நிற்பதைப் பாருங்கள். விம் 8 முதல் இது எல்லாருக்கும் கிடைக்கிறது.

அழிந்தது எதுவும் அழிவதில்லை

பழைய வீ-ஐயில் அன்டூ ஒரே ஒரு படிதான். ‘யூ’வை இரண்டாவது முறை அழுத்தினால் அன்டூவே அன்டூ ஆகிவிடும். விம் இயல்பாகவே 1000 படிகள் வரை நினைவில் வைக்கிறது. அதைவிட முக்கியமான ஒன்று 2006இல் வந்த விம் 7.0இல் சேர்ந்தது, அன்டூ மரம்.

ஒரு பத்தியை எழுதுகிறீர்கள். பிடிக்காமல் நாலைந்து முறை அன்டூ செய்து பின்னால் போகிறீர்கள். அங்கிருந்து வேறு விதமாக எழுதத் தொடங்குகிறீர்கள். பெரும்பாலான எடிட்டர்களில் இந்த நொடியில் முதல் வடிவம் ஒரேயடியாகப் போய்விடும். ரீடூவுக்கு அங்கே போகும் வழி கிடையாது. விம் அந்த இடத்தில் ஒரு கிளையைப் பிரித்து, இரண்டு வடிவங்களையும் வைத்துக்கொள்கிறது. ‘ஜி’யும் சிறுகோடும் (ஜி-) அழுத்தினால் கிளைகளைப் பற்றிக் கவலைப்படாமல் காலவரிசையில் பின்னால் போகலாம், ‘ஜி+’ முன்னால் கொண்டுவரும். நீங்கள் கைவிட்ட முதல் வடிவம் வழியில் எங்கோ நிச்சயம் எதிர்ப்படும்.

நேரம் சொல்லியும் போகலாம். ‘:எர்லியர் 10எம்’ என்று கொடுத்தால் பத்து நிமிடத்துக்கு முன் ஃபைல் எப்படி இருந்ததோ அப்படி ஆகிவிடும். திரும்ப வர ‘:லேட்டர் 10எம்’. எம்-க்குப் பதில் எஃப் போட்டால் கணக்கு நேரத்தில் இல்லை, சேவ் செய்த தடவைகளில்: ‘:எர்லியர் 2எஃப்’ என்றால் இரண்டு சேவுக்கு முந்தைய நிலை. ‘:அன்டூ 0’ என்றால் ஃபைலைத் திறந்தபோது இருந்த முதல் நிலை.

விம்மை மூடிவிட்டால்? 2010இல் வந்த 7.3 பதிப்பிலிருந்து அதற்கும் வழி இருக்கிறது. விம்ஆர்சி-யில் ‘செட் அன்டூஃபைல்’ என்ற ஒரு வரி போதும். நாளை திறந்தாலும் நேற்றைய மாற்றங்களை அன்டூ செய்யலாம். கூடவே ‘அன்டூடிர்’ என்ற செட்டிங்கில் ஒரு தனி டைரக்டரியைக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு ஃபைலின் பக்கத்திலும் ஒரு மறைவான அன்டூ ஃபைல் குவிந்துகொண்டே போகும். கட்டுரையோ கோடோ எழுதுகிற ஒவ்வொருவரும் இன்றே செய்துவைக்க வேண்டிய செட்டிங் இது என்பேன்.

நீக்கிய வரிகளும் அப்படித்தான். கடைசியாக நீக்கிய ஒன்பது பகுதிகளை விம் 1 முதல் 9 வரை எண்ணிட்ட ரெஜிஸ்டர்களில் அடுக்கி வைத்திருக்கும் (வரிக்குள் நீக்கிய சிறு துண்டுகள் பெரும்பாலும் இதில் சேராது). எந்த எண்ணில் இருக்கிறது என்று நினைவில்லையா? இரட்டை மேற்கோள் குறி, 1, பி என்று வரிசையாக அழுத்துங்கள். அது இல்லையென்றால் ‘யூ’ அழுத்தி நீக்கி, ஒரு புள்ளி. புள்ளி கடைசிக் கமாண்டைத் திரும்பச் செய்யும்போது, இந்த இடத்தில் மட்டும் எண்ணைத் தானாகவே ஒன்று கூட்டிக்கொள்ளும். யூ, புள்ளி, யூ, புள்ளி என்று போய்க்கொண்டே இருங்கள்; தொலைந்த பத்தி கிடைக்கும்.

காப்பி செய்த பிறகு வேறொன்றை டெலீட் செய்ததால் பேஸ்ட்டில் தப்பான வரி வந்து விழுகிறதா? காப்பி செய்தது பத்திரமாக பூஜ்யம் என்ற ரெஜிஸ்டரில் இருக்கிறது. இரட்டை மேற்கோள் குறி, 0, பி.

தேடு, மாற்று, புள்ளி வை

ஒரு சொல்லைச் சில இடங்களில் மாற்ற வேண்டும், சில இடங்களில் விட வேண்டும். சொல்லைத் தேடிவிட்டு ‘சிஜிஎன்’ அழுத்தி, புதுச் சொல்லை எழுதி எஸ்கேப். அதன் பின் ஒவ்வொரு புள்ளியும் அடுத்த இடத்தைத் தேடிப் போய் மாற்றிவிடும். விட வேண்டிய இடம் வந்தால் ‘என்’ அழுத்தித் தாண்டுங்கள். விம் 7.4இல் வந்த வசதி.

ஒரு வரியில் செய்த சப்ஸ்டிடியூட்டை ஃபைல் முழுக்கச் செய்ய ‘ஜி&’. அந்த ஒரு வரியில் சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு எல்லா இடத்திலும் ஏவுவது நல்ல பழக்கம்.

மேற்கோளுக்குள் இருப்பதை மாற்ற கர்சரை உள்ளே கொண்டுபோக வேண்டியதில்லை. அதே வரியில் மேற்கோளுக்கு முன்னால் எங்கிருந்தாலும் சரி, ‘சி’, ‘ஐ’, மேற்கோள் குறி.

ஃபைலைத் தலைகீழாகப் புரட்ட: ‘:ஜி/^/எம்0’. ஜி முதலில் எல்லா வரிகளுக்கும் அடையாளம் வைக்கிறது. பிறகு ஒவ்வொன்றாக எடுத்து உச்சிக்கு நகர்த்துகிறது. கடைசி வரி கடைசியாக ஏறுவதால் அதுவே முதல் வரியாகிவிடும். வெற்று வரிகளை மட்டும் களைய ‘:ஜி/^$/டி’.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு

கர்சரை ஓர் எழுத்தின் மேல் வைத்து ‘ஜிஏ’ அழுத்துங்கள். அதன் யூனிகோட் எண்ணைக் கீழே காட்டும். ‘கி’ மேல் அழுத்தினால் இரண்டு எண்கள் வரும்: க-வுக்கு 2965, இகரக் கொக்கிக்கு 3007. இது எதற்கு? ‘ஔவையார்’ என்று தேடுகிறீர்கள். கண்ணெதிரே இருக்கும் பெயரை விம் காணவில்லை என்கிறது. ஜிஏ அழுத்திப் பார்த்தால் குட்டு வெளிப்படும். சரியான ஔ ஒரே எழுத்து, எண் 2964. எழுதியவர் ஒ-வையும் (2962) ள-வையும் (2995) பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பார். எ என்ற உயிரெழுத்தும், ஏழைக் குறிக்கும் ௭ என்ற தமிழ் எண்ணும் (3053) பார்வைக்கு அப்படியே ஒன்று, எண்ணில் வேறு. ‘கொ’வின் துணையெழுத்தை ஒரே குறியாகவும் (3018) வைக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் வைக்கலாம். அச்சில் தெரியாத இந்தப் பிழைகள்தான் தேடலையும் அகரவரிசையையும் கெடுக்கின்றன. பழைய ஃபைல்களை யூனிகோடுக்கு மாற்றி மெய்ப்பு பார்க்கிறவர்களுக்கு ஜிஏ-வைப் போல ஒரு துணை இல்லை.

விம் தமிழ் எழுத்தை மெய்யும் உயிர்க்குறியும் சேர்ந்த ஒன்றாகவே நடத்துகிறது. ‘கி’ மேல் நின்று எக்ஸ் அழுத்தினால் முழு எழுத்தும் போகும். கொக்கியை மட்டும் எடுத்துவிட்டு நெடில் போட வேண்டுமென்றால்? ‘:செட் டெல்கம்பைன்’ என்று கொடுங்கள். இனி எக்ஸ் கொக்கியை மட்டும் எடுத்து க-வை விட்டுவைக்கும், பேக்ஸ்பேஸும் அப்படியே. க்ஷ, ஸ்ரீ போன்றவை மட்டும் விலக்கு. ஸ்கிரீனில் ஓரெழுத்தாகத் தெரிந்தாலும் விம் அவற்றை க், ஷ என்றும் ஸ், ரீ என்றும் இரண்டாகவே எண்ணும்.

தமிழில் சொற்கள் விகுதி ஏறி உருமாறிக்கொண்டே இருக்கும். ‘தமிழ்’ என்று தேடினால் தமிழில், தமிழுக்கு, தமிழை எதுவும் அகப்படாது. ழ-வின் மேல் புள்ளி இல்லையே. தேடலில் ‘தமிழ’ என்று எழுதி, கடைசியில் ஒரு பின்சாய்கோடும் பெரிய இஸட்டும் சேருங்கள். இணைப்புக் குறிகள் எல்லாவற்றையும் கணக்கில் எடுக்காமல் அடி எழுத்துகளை மட்டும் பொருத்திப் பார்க்கும். தமிழ், தமிழி, தமிழு, தமிழா எல்லாம் ஒரே வலையில் விழும். விம்மின் ஹெல்ப்பில் இது ஒரு மூலையில் நாலு வரியாக இருக்கிறது. ஒட்டுநிலை மொழி எழுதுகிற நமக்கு இது முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய செய்தி.

விம்மைத் தமிழுக்குப் பயன்படுத்துகிறவர்களின் பெரிய தொல்லை வேறு. கணினியின் கீபோர்டைத் தமிழ்99க்கு மாற்றி எழுதுகிறோம். எஸ்கேப் அழுத்தி நார்மல் மோடுக்கு வந்ததும் ஜே, கே, டிடி எதுவும் வேலை செய்யாது. விம்முக்குப் போய்ச் சேர்வது தமிழ் எழுத்து. ஒவ்வொரு தடவையும் கீபோர்டை மாற்றி மாற்றிக் கை ஓய்ந்துவிடும். இதற்கு மருந்து விம்முக்குள்ளேயே இருக்கிறது, கீமேப். கணினியின் கீபோர்டு ஆங்கிலத்திலேயே இருக்கட்டும்; எழுத்தை மாற்றும் வேலையை விம் செய்யும். இன்சர்ட் மோடில் தமிழ் விழும், எஸ்கேப் அழுத்தியதும் விசைகள் கமாண்ட்களாகிவிடும். இன்சர்ட் மோடில் கன்ட்ரோலும் ‘^’ குறியும் அழுத்தினால் தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி வரும். ஓர் எழுத்துக்குத் தாவும் ‘எஃப்’, ஓர் எழுத்தை மாற்றும் ‘ஆர்’ ஆகிய கமாண்ட்களுக்குப் பின் அடிக்கும் எழுத்தும் தமிழாகவே போகும் என்பது இதன் கூடுதல் அழகு.

விம்மோடு வரும் தமிழ் கீமேப் பழைய திஸ்கி குறியேற்றத்துக்கானது. யூனிகோடுக்கு நாமே ஒன்று எழுதிக்கொள்ளலாம், கடினமில்லை. ஹோம் டைரக்டரியில் விம்மின் மறைவு டைரக்டரிக்குள் ‘கீமேப்’ என்று ஒன்றை உருவாக்கி, அதில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல். அதில் ‘லோட்கீமேப்’ என்ற ஒரு வரி. அதன் கீழே வரிக்கு ஒன்றாக, இடப்பக்கம் அழுத்தும் ஆங்கில விசைகள், வலப்பக்கம் விழ வேண்டிய தமிழ் எழுத்து. அவ்வளவுதான். இடப்பக்கம் இரண்டு மூன்று விசைகள் சேர்ந்தும் இருக்கலாம். அதனால் ஒலிப்பு முறையில் அடிக்கிறவர்களும் தங்கள் பழக்கப்படியே அமைத்துக்கொள்ளலாம்.

கீமேப் இல்லாத அந்நிய கணினியில் ஒரே ஒரு எழுத்து வேண்டுமா? இன்சர்ட் மோடில் கன்ட்ரோல்-வி, யூ, பிறகு பதினாறின் அடிப்படையிலான யூனிகோட் எண். ரூபாய் குறி ₹ அடிக்கடி வேண்டுமென்றால் அதற்கு இரண்டெழுத்துச் சுருக்கம் வைத்துவிடுங்கள்: ‘:டைகிராஃப் ஆர்எஸ் 8377’. அதன்பின் கன்ட்ரோல்-கே, ஆர், எஸ் என்று அடித்தால் ₹ வரும். ஏற்கெனவே உள்ளவையும் ஏராளம். கன்ட்ரோல்-கே, 1, 2 அடித்தால் ½. கன்ட்ரோல்-கே, -, > அடித்தால் →.

சொல் எண்ணிக்கை பார்க்க ‘ஜி’ தட்டி, கன்ட்ரோல்-ஜி. ஒரு பகுதியைத் தேர்ந்து அழுத்தினால் அதற்கு மட்டும் சொல்லும். பைட் எண்ணிக்கையைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். ‘அம்மா’ என்ற சொல்லில் ஐந்து குறிகள், ஆக 15 பைட்.

வெளியே போக, வெளியே இருந்து வர

விம்மிலிருந்து வெளியேறுவது எப்படி என்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் கேட்கப்பட்ட கேள்வியை 2017க்குள் பத்து லட்சம் தடவை பார்த்திருந்தார்கள். வழி தெரிந்தவர்களும் கவனிக்க ஒன்று: ‘:டபிள்யூகியூ’ மாற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஃபைலை எழுதும், ஃபைலின் தேதியும் நேரமும் மாறிவிடும். ‘:எக்ஸ்’ மாற்றம் இருந்தால் மட்டுமே எழுதும். ஃபைலின் நேரத்தைப் பார்த்து வேலை செய்யும் பில்ட் கருவிகள் இருக்கும் இடத்தில் இந்த வித்தியாசம் பெரிது. பெரிய இஸட் இரண்டு தடவை என்றாலும் ‘:எக்ஸ்’ செய்வதையேதான் செய்யும். பெரிய இஸட், பெரிய கியூ என்றால் சேவ் செய்யாமல் வெளியே.

வெளியேற நினைத்து ‘கியூ:’ என்று மாற்றி அடித்துவிட்டால் கீழே ஒரு விசித்திரப் பெட்டி திறக்கும். பயப்பட வேண்டாம். இதுவரை கொடுத்த கமாண்ட்களின் பட்டியல் அது. பழைய கமாண்ட் ஒன்றைத் திருத்தி என்டர் தட்டினால் மறுபடி ஓடும். நீளமான சப்ஸ்டிடியூட் கமாண்ட்களைச் செதுக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

சேவ் செய்யப் பழகிய கை கன்ட்ரோல்-எஸ் அழுத்திவிட்டால் பல டெர்மினல்களில் ஸ்கிரீன் உறைந்துவிடும். எதுவும் கெட்டுப்போகவில்லை, டெர்மினல் வெளியீட்டை நிறுத்தி வைத்திருக்கிறது. கன்ட்ரோல்-கியூ அழுத்தினால் உயிர் வரும்.

நிர்வாகி அனுமதி வேண்டிய ஃபைலை மறந்துபோய்ச் சாதாரணமாகத் திறந்து, அரைமணி நேரம் திருத்தியும் ஆயிற்று. சேவ் ஆக மறுக்கிறது. ‘:டபிள்யூ !சூடோ டீ %’ என்று கொடுங்கள். விம் தன்னிடம் இருக்கும் எழுத்தையெல்லாம் ‘டீ’ என்ற கமாண்டுக்கு ஊட்டுகிறது. நிர்வாகி அனுமதியோடு ஓடும் அது ஃபைலில் எழுதிவிடுகிறது. ‘%’ என்பது இப்போது திறந்திருக்கும் ஃபைலின் பெயர்.

‘!!’ அழுத்தி ‘டேட்’ என்று எழுதி என்டர் தட்டினால், அந்த வரி இன்றைய தேதியாக மாறும். எந்த ஷெல் கமாண்டுக்கும் இது பொருந்தும்.

பாஷ் ஷெல்லில் நீளமான கமாண்ட் அடித்துக்கொண்டிருக்கிறீர்களா? கன்ட்ரோல்-எக்ஸ், கன்ட்ரோல்-ஈ அழுத்தினால் அதே கமாண்ட் எடிட்டரில் திறக்கும் (எடிட்டர் எது என்பதை ‘எடிட்டர்’ என்ற மாறியில் விம் என்று வைத்திருக்க வேண்டும்). திருத்திச் சேவ் செய்து வெளியேறினால் ஓடத் தொடங்கும்.

உகாண்டா

ஃபைல் பெயர் இல்லாமல் விம்மைத் திறந்தால் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவச் சொல்லும் வரியைப் பலரும் பார்த்திருப்பார்கள், படித்திருக்க மாட்டார்கள். நெதர்லாந்துக்காரரான பிராம் மூலெனார், ‘ஸ்டீவி’ என்ற வீ-ஐ நகலின் அமிகா கணினி வடிவத்தை அடிப்படையாக வைத்து, 1991இல் விம்மை வெளியிட்டார். உகாண்டாவின் தெற்கே கிபாலே என்ற சிற்றூரில் உள்ள குழந்தைகள் மையத்தில் தொண்டராக வேலை செய்துவிட்டுத் திரும்பியவர், அந்தக் குழந்தைகளுக்காக ஐசிசிஎஃப் ஹாலந்து என்ற அமைப்பைத் தொடங்கினார். விம்முக்குக் காசு கேட்கவில்லை. பிடித்திருந்தால் அந்தக் குழந்தைகளுக்குக் கொடுங்கள் என்றார். 2023 ஆகஸ்ட் 3ஆம் தேதி பிராம் காலமானார். 2024 ஜனவரியில் வந்த விம் 9.1 அவருக்கே காணிக்கையாக்கப்பட்டது. ‘:ஹெல்ப் உகாண்டா’ என்று ஒருமுறை தட்டிப் படித்துப் பாருங்கள்.

ஹெல்ப்பைக் கேட்கும் முறை

விம்மின் ஹெல்ப் பயன்படவில்லை என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் முறையைத்தான் அறியாதிருக்கிறார்கள். ஒரே விசைக்கு மோடுக்கு மோட் வேறு வேலை. நார்மல் மோடில் கன்ட்ரோல்-ஆர் ரீடூ. இன்சர்ட் மோடில் அது ரெஜிஸ்டரில் இருப்பதை ஒட்டும். ஆகவே ‘:ஹெல்ப்’ கொடுக்கும்போது விசையின் பெயருக்கு முன்னால் மோடையும் சொல்ல வேண்டும். இன்சர்ட் மோடுக்கு ‘ஐ_’, விஷுவலுக்கு ‘வி_’, கமாண்ட் லைனுக்கு ‘சி_’. நார்மலுக்கு எதுவும் வேண்டாம். செட்டிங் என்றால் பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் போடுங்கள், ‘டெல்கம்பைன்’ என்பதுபோல. பெயரே தெரியாது, விஷயம் மட்டும் தெரியும் என்றால் ‘:ஹெல்ப்கிரெப்’ என்று எழுதி ஒரு சொல்லைக் கொடுங்கள். ஹெல்ப் ஃபைல்கள் அத்தனையிலும் தேடிப் பட்டியல் எடுத்து வைக்கும். ‘:சிஎன்’ என்று தட்டித் தட்டி ஒவ்வொரு இடமாகப் போய்ப் பார்க்கலாம்.